பழைய ஆட்டக்காரரை விட்டுவிடலாமா?



போன மாதம் ஜார்ஜ்டவுனில் ஞாயிறு வகுப்பு முடிந்து நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தோம். எஸ்.பி.எம். எழுதிவிட்டு, பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றில் தற்காலிக வேலை பார்க்கும் தம்பி ஒருவர் பக்கத்தில் வந்து நின்றார்.

"அண்ணே, ஒன்னு கேக்கணும். மூணு மாசமா ஓவர்டைம் செஞ்சு காசு சேத்து வெச்சிருக்கேன். புதுசா வந்திருக்கிற கேம் கன்சோல் வாங்கலாம்னு பாக்குறேன். அம்மா, படிப்புக்கு வெச்சுக்கடாங்கிறாங்க. ஆனா சின்ன வயசுல இருந்து இந்தக் கம்பெனி கேம்தான் விளையாடுறேன். இப்ப வாங்காம விட்டா துரோகம் பண்ற மாதிரி இருக்கு."

துரோகம்! ஒரு பெட்டி வாங்குவதற்கா இவ்வளவு பெரிய சொல்? சிரிப்பு வந்தாலும் சிரிக்கவில்லை. ஏனென்றால் அந்தத் தம்பி சொன்னதில் ஓர் உண்மை இருக்கிறது. பத்து வருஷம் ஒரு பொருளோடு பழகினால் பற்று வரத்தான் செய்யும். நம் பக்கம் பற்று இருக்கிறது, சரி. அந்தப் பக்கம், அதாவது கம்பெனி பக்கம், நம்மைப் பற்றி என்ன நினைப்பு இருக்கிறது? பழைய ஆட்டக்காரர்களை அவர்கள் தக்கவைத்துக்கொள்ள நினைக்கிறார்களா? நினைத்தாலும் முடிகிறதா? இந்த மாதப் பாடத்தில் அதைத்தான் பார்க்கப் போகிறோம்.

இரண்டு வகை ஆட்டக்காரர்கள்

முதலில் சொற்களைத் தெளிவாக்கிக்கொள்வோம். 'கோர் கேமர்' என்று சொல்வார்கள். நாம் அவரை 'ஊன்றிய ஆட்டக்காரர்' என்று வைத்துக்கொள்வோம். புதுக் கருவி வந்த முதல் நாளே வாங்குபவர். வருஷத்துக்கு ஐந்தாறு ஆட்டமாவது வாங்குபவர். ஓர் ஆட்டத்தை முடிக்க ஐம்பது, நூறு மணி நேரம் உட்காருபவர். நண்பர்கள் எதை வாங்கலாம் என்று கேட்டு வருவது இவரிடம்தான்.

இன்னொருவர் 'வந்து போகும் ஆட்டக்காரர்'. தீபாவளிக்கு மாமா வீட்டுக்குப் போனால் அங்கே இருக்கும் கருவியில் அரை மணி நேரம் விளையாடுவார். ஒரு கருவி வாங்கினால் அதோடு வந்த ஆட்டம் ஒன்றே போதும் என்று இருந்துவிடுவார். தப்பில்லை. உலகத்தில் இவர்கள்தான் அதிகம்.

கம்பெனிக்கு யார் முக்கியம்? கணக்கைப் பாருங்கள். பல கன்சோல்கள் கொஞ்சம் லாபத்துக்கோ, சில நேரம் நஷ்டத்துக்கோகூட விற்கப்படுகின்றன. பணம் வருவது ஆட்டங்களிலிருந்து. வெளி நிறுவனம் ஒன்று அந்தக் கருவிக்கு ஆட்டம் செய்து விற்றால், அதில் ஒரு பங்கு கருவி செய்தவருக்குப் போகும். ஆகவே ஒரு கருவி வாங்கி ஒரே ஆட்டத்தோடு நிறுத்துபவரைவிட, இருபது ஆட்டம் வாங்குபவர் மேல். அதோடு, ஊன்றிய ஆட்டக்காரர்கள் எங்கே கூடுகிறார்களோ அங்கேதான் ஆட்டம் செய்பவர்களும் போவார்கள். அவர்கள் கலைந்தால் ஆட்டம் செய்பவர்களும் கலைவார்கள். ஆட்டம் இல்லாத கருவியை யார் வாங்குவார்?

ஆனால் எண்ணிக்கை பெருக வேண்டும் என்றால் வந்து போகிறவர்களும் வேண்டும். இங்கேதான் இழுபறி. புதியவரை அழைக்கப் போய்ப் பழையவரை இழப்பதா? பழையவரை மட்டும் பார்த்துக்கொண்டு சின்ன வட்டத்துக்குள் நின்றுவிடுவதா?

நம் ஊர்க்காரர்களுக்கு இது புரியாத விஷயம் இல்லை. காலையில் தோசை சுடும் ஓர் ஒட்டுக்கடையை நினைத்துப் பாருங்கள். தினமும் ஆறரை மணிக்குப் பசியாற வருகிற லாரி ஓட்டுநர்கள், பள்ளி ஆசிரியர்கள், சந்தை வியாபாரிகள் இருக்கிறார்கள். 2008-இல் ஜார்ஜ்டவுனை யுனெஸ்கோ உலகப் பாரம்பரிய நகரமாக அறிவித்தது. சுற்றுப்பயணிகள் கூடினார்கள். கடைக்காரர் மேசையை மாற்றினார், விலையை ஏற்றினார், படம் போட்ட மெனு வைத்தார், கடை திறக்கும் நேரத்தையும் ஒன்பது மணிக்குத் தள்ளினார். ஆறரை மணிக்காரர்கள் வேறு கடை பார்த்துக்கொண்டார்கள். 2020-இல் கோவிட் வந்து சுற்றுப்பயணிகள் நின்றபோது, யார் வந்து பொட்டலம் கட்டிக்கொண்டு போவார்கள்? அந்தக் கடையின் நிலைமை பெரிய பெரிய ஜப்பானிய, அமெரிக்க நிறுவனங்களுக்கும் வந்திருக்கிறது.

சேகா: நம்பியவர்களையே களைப்படைய வைத்த கதை

இன்றைய தம்பிகளுக்கு சேகா என்றால் சோனிக் என்ற நீல முள்ளெலிதான் தெரியும். 1990-களின் தொடக்கத்தில் சேகா, நின்டெண்டோவோடு தோளுக்குத் தோள் நின்ற கன்சோல் நிறுவனம். அதன் மெகா டிரைவ் கருவிக்கு உலகம் முழுக்க உயிரைக் கொடுக்கும் ரசிகர்கள் இருந்தார்கள்.

அந்த ரசிகர்களை சேகா என்ன செய்தது? முதலில் மெகா டிரைவோடு இணைக்க சிடி கருவி ஒன்றை விற்றது. பிறகு 1994 நவம்பரில் அமெரிக்காவில் '32எக்ஸ்' என்ற இன்னொரு இணைப்புக் கருவியை விற்றது. அதே மாதம் ஜப்பானில் 'சேட்டர்ன்' என்ற முற்றிலும் புதிய கன்சோலையும் இறக்கிவிட்டது. 32எக்ஸுக்குப் பணம் கொடுத்தவர், பெட்டியைப் பிரித்த சூட்டிலேயே அது பழசாகிவிட்டதைப் பார்த்தார். அதற்கு ஆட்டங்களும் அதிகம் வரவில்லை.

அடுத்து 1995 மே 11. சேட்டர்ன் அமெரிக்காவில் செப்டம்பரில்தான் வரும் என்று சொல்லிவிட்டு, திடீரென்று "இன்றைக்கே கடைகளில் கிடைக்கும்" என்று அறிவித்தார்கள். சில கடைகளுக்கு மட்டும்தான் சரக்கு போயிருந்தது. விடுபட்ட கடைக்காரர்கள் கொதித்துப் போனார்கள். செப்டம்பரைக் கணக்கு வைத்து ஆட்டம் செய்துகொண்டிருந்த நிறுவனங்களும் தவித்தன. விலை 399 டாலர். அதே கண்காட்சியில் சோனி தன் பிளேஸ்டேஷனுக்கு 299 டாலர் என்று சொல்லிவிட்டு மேடையை விட்டு இறங்கியது.

1998 நவம்பரில் ஜப்பானில் வந்த 'டிரீம்காஸ்ட்' நல்ல கருவி. இணைய வசதியோடு, காலத்துக்கு முந்தியே வந்தது. விளையாடியவர்கள் இன்றும் அதைக் கொண்டாடுகிறார்கள். ஆனால் பலர், "இதையும் ரெண்டு வருஷத்தில் கைவிட்டுவிட்டால்?" என்று தயங்கினார்கள். 2000-இல் வரப்போகும் பிளேஸ்டேஷன் 2-க்காகக் காத்திருந்தார்கள். 2001 ஜனவரி 31 அன்று சேகா, டிரீம்காஸ்ட் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்தது. விற்றது ஏறக்குறைய 91 லட்சம். பிளேஸ்டேஷன் 2 பின்னாளில் 16 கோடியைத் தொட்டது. சேகா அன்றோடு கன்சோல் தொழிலை விட்டு, மற்றவர்களின் கருவிகளுக்கு ஆட்டம் செய்யும் நிறுவனமாக மாறியது.

சேகாவை வீழ்த்தியது ஒரே ஒரு காரணம் என்று சொல்ல முடியாது. போட்டி, விலை, பண நெருக்கடி எல்லாம் சேர்ந்துதான். ஆனால் ஊன்றிய ஆட்டக்காரர் மனத்தில் ஒரு கணக்கு ஓடும்: "போன தடவை நான் கொடுத்த காசுக்கு இவர்கள் என்ன மரியாதை கொடுத்தார்கள்?" அந்தக் கணக்கில் சேகா தோற்றது. கடைசியில் நல்ல பொருளே கொண்டுவந்தும் நம்பிக்கை திரும்பவில்லை.

நின்டெண்டோ: ஊரையே அழைத்தார்கள், ஊர் திரும்பிப் போய்விட்டது

நின்டெண்டோ 1889-இல் கியோட்டோ நகரில் சீட்டுக்கட்டு செய்யத் தொடங்கிய நிறுவனம். 1983-இல் ஜப்பானில் வந்த 'ஃபேமிகாம்' அதை உலகப் புகழுக்குக் கொண்டுபோனது. ஆனால் 1996-இல் வந்த நின்டெண்டோ 64, சிடிக்கு மாறாமல் கார்ட்ரிட்ஜிலேயே நின்றது. கார்ட்ரிட்ஜ் செய்ய செலவு அதிகம், இடமும் குறைவு. அதனால் 'ஃபைனல் ஃபேண்டஸி' தொடரைச் செய்த ஸ்குவேர் நிறுவனம், ஏழாவது பாகத்தை 1997-இல் பிளேஸ்டேஷனுக்குக் கொண்டுபோனது. அந்தத் தொடருக்காகவே கருவி வாங்கும் ரசிகர்களும் கூடவே போனார்கள். அடுத்து வந்த கேம்கியூப் 2 கோடியே 17 லட்சம்தான் விற்றது.

இந்த நிலையில்தான் சடோரு இவாடா தலைமையில் நின்டெண்டோ வேறு வழி பார்த்தது. 2006-இல் 'வீ' என்ற கருவி வந்தது. கையில் குச்சி மாதிரி ஒரு கட்டுப்பாட்டுக் கருவி. அதை வீசினால் திரையில் டென்னிஸ் மட்டை வீசும். ஆறு வயதுப் பிள்ளையும் அறுபது வயதுப் பாட்டியும் விளையாடினார்கள். பத்து கோடிக்கு மேல் விற்றது.

ஆனால் ஊன்றிய ஆட்டக்காரர்கள் ஓரமாக நின்று பார்த்தார்கள். 2008-இல் நடந்த இ3 கண்காட்சியில் அவர்கள் பெரிய ஆட்டங்களுக்குக் காத்திருக்க, மேடையில் 'வீ மியூசிக்' என்று கையை ஆட்டி வாத்தியம் வாசிப்பதைக் காட்டினார்கள். "இது நமக்கான கம்பெனி இல்லையோ?" என்ற எண்ணம் பலருக்கு வந்தது.

அதற்குள் உலகம் மாறியது. 2007-இல் ஐபோன், 2008-இல் ஆப் ஸ்டோர். வந்து போகும் ஆட்டக்காரருக்கு இனிமேல் தனிக் கருவி தேவையில்லை. கைத்தொலைபேசியிலேயே இலவசமாக விளையாட்டு. 2012-இல் நின்டெண்டோ 'வீ யூ' கொண்டுவந்தபோது, பாட்டிமார்கள் வரவில்லை. ஊன்றியவர்களில் பெரும்பாலோர் ஏற்கெனவே பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ் பக்கம் போயிருந்தார்கள். விற்றது 1 கோடியே 35 லட்சம். பத்து கோடியிலிருந்து ஒரு கோடிக்கு! நம் தோசைக் கடைக்காரர் நிலைமையேதான்.

திரும்பி வந்த வழி

இனி நடந்தது நாம் கற்க வேண்டிய பகுதி.

2011 தொடக்கத்தில் வந்த '3டிஎஸ்' என்ற கையடக்கக் கருவி, எதிர்பார்த்த அளவு விற்கவில்லை. ஆறே மாதத்தில் விலையை ஒரேயடியாகக் குறைத்தார்கள். அமெரிக்காவில் 250 டாலர் 170 டாலர் ஆனது. அப்படியென்றால் முதல் நாள் முழு விலை கொடுத்து வாங்கியவர் ஏமாளியா? இங்கேதான் நின்டெண்டோ ஒன்று செய்தது. விலை குறையும் முன் வாங்கிய அனைவரையும் 'தூதர்கள்' என்று அழைத்து, இருபது பழைய ஆட்டங்களை இலவசமாகக் கொடுத்தது. கம்பெனித் தலைவர் இவாடா தன் சம்பளத்தில் பாதியைக் குறைத்துக்கொண்டார். 2014-இல் வீ யூ தோல்விக்குப் பிறகும் ஐந்து மாதங்களுக்குப் பாதிச் சம்பளம்தான் எடுத்தார். 3டிஎஸ் பிற்பாடு 7 கோடியே 59 லட்சம் விற்றது.

இருபது ஆட்டம் கொடுத்ததால் மட்டும் விற்றது என்று நான் சொல்லவில்லை. விலை குறைந்தது, நல்ல ஆட்டங்களும் வந்தன. ஆனால் "முதலில் நம்பியவர் நட்டப்படக்கூடாது" என்பதை ஒரு நிறுவனம் செயலில் காட்டியது. ரசிகர்கள் அதை மறக்கவில்லை.

இவாடா 2015 ஜூலையில் காலமானார். அவர் காலத்திலேயே உருவாகத் தொடங்கிய 'சுவிட்ச்' 2017 மார்ச் 3 அன்று வந்தது. அதே நாளில் 'செல்டா' தொடரின் பெரிய ஆட்டமும் வந்தது. யாருக்காக அது? ஊன்றியவர்களுக்காக. வீட்டில் டிவியிலும் விளையாடலாம், பேருந்திலும் விளையாடலாம் என்ற எளிமை யாருக்காக? எல்லாருக்காகவும். வீ யூவில் அதிகம் பேர் பார்க்காமல் போன 'மாரியோ கார்ட் 8'-ஐ அடுத்த மாதமே சுவிட்சுக்குக் கொண்டுவந்தார்கள். அது 6 கோடிக்கு மேல் விற்றது. சுவிட்ச் 15 கோடியைத் தாண்டியது.

முதலில் ஊன்றியவரை உட்கார வைத்தார்கள். அவர் போய் மற்றவரைக் கூட்டி வந்தார். வீ காலத்தில் வரிசை தலைகீழாக இருந்தது.

எக்ஸ்பாக்ஸ்: ஒரே மாதத்தில் உடைந்த நம்பிக்கை

மைக்ரோசாஃப்ட் கதை வேறு மாதிரி. 2005-இல் வந்த எக்ஸ்பாக்ஸ் 360-இல் பழுது அதிகம். முன்பக்கம் சிவப்பு விளக்கு எரிந்தால் கருவி போய்விட்டது என்று அர்த்தம். 2007-இல் நிறுவனம் நூறு கோடி டாலருக்கு மேல் ஒதுக்கி, உத்தரவாதத்தை மூன்று வருஷத்துக்கு நீட்டியது. இழப்பு பெரிதுதான், ஆனால் ஆட்டக்காரர்கள் நின்றார்கள். தப்பை ஒத்துக்கொண்டு சரிசெய்தால் ஊன்றியவர் பொறுத்துக்கொள்வார்.

2013 மே மாதம் எக்ஸ்பாக்ஸ் ஒன் அறிமுகமானது. மேடையில் ஆட்டத்தைவிட டிவி பார்ப்பதைப் பற்றித்தான் அதிகம் பேசினார்கள். அதற்கு மேல், 24 மணி நேரத்துக்கு ஒருமுறை கருவி இணையத்தோடு தொடர்புகொண்டாக வேண்டும், வாங்கிய வட்டை நண்பனுக்குக் கொடுக்கவும் விற்கவும் கட்டுப்பாடு என்று விதிகள். விலை 499 டாலர். சோனி 399 டாலர் சொல்லி, கூடவே ஒரு குறும்படம் வெளியிட்டது. ஒருவர் ஆட்ட வட்டை எடுத்து இன்னொருவர் கையில் கொடுக்கிறார். "நன்றி." அவ்வளவுதான் படம்!

எதிர்ப்பு பலமாக எழுந்தது. ஜூன் 19 அன்று மைக்ரோசாஃப்ட் அந்த விதிகளைக் கைவிட்டது. ஒரு மாதம்கூட ஆகவில்லை. ஆனால் அந்தத் தலைமுறை முழுக்க அந்த அடி வலித்தது. பிளேஸ்டேஷன் 4 பதினோரு கோடிக்கு மேல் விற்றது. மைக்ரோசாஃப்ட் 2015-இலிருந்து தன் விற்பனை எண்ணிக்கையை வெளியிடுவதையே நிறுத்திக்கொண்டது.

2014-இல் பொறுப்பேற்ற ஃபில் ஸ்பென்சர், பழைய 360 ஆட்டங்களைப் புதுக் கருவியில் விளையாட வழி செய்தார். "நீ முன்னே வாங்கியது வீண் போகாது" என்ற செய்தி அது. நல்ல வேலை. ஆனால் பிறகு நடந்ததைப் பாருங்கள். 2024-இலிருந்து எக்ஸ்பாக்ஸ் ஆட்டங்கள் பிளேஸ்டேஷனிலும் வருகின்றன. 2025 அக்டோபரில் கேம் பாஸின் உயர்நிலைச் சந்தா, மாதம் 20 டாலரிலிருந்து 30 டாலராக ஏற்றப்பட்டது. "அப்படியென்றால் நான் எதற்கு இந்தப் பெட்டியை வைத்திருக்கிறேன்?" என்று பழைய ரசிகர் கேட்கிறார். நியாயமான கேள்வி.

நம் தீவும் இந்தப் பெட்டிகளும்

தம்பி வேலை பார்க்கும் பாயான் லெப்பாஸுக்கும் இந்தக் கதைக்கும் தொடர்பு உண்டு. 1972 வாக்கில் முதலமைச்சர் லிம் சோங் இயூ காலத்தில் அங்கே சுதந்திர வணிக வட்டாரம் உருவானபோது முதலில் வந்த எட்டு நிறுவனங்களில் இன்டெலும் ஏஎம்டியும் உண்டு. நம் அம்மாக்கள், அத்தைமார்கள் எத்தனை பேர் அந்த வரிசையில் உட்கார்ந்து கண்ணைச் சுருக்கி வேலை செய்திருப்பார்கள்! 2001-இல் வந்த முதல் எக்ஸ்பாக்ஸின் மூளை இன்டெல் வடிவமைத்தது. பிளேஸ்டேஷன் 4, 5, எக்ஸ்பாக்ஸ் ஒன், சீரிஸ் எக்ஸ் எல்லாவற்றிலும் இருப்பது ஏஎம்டி வடிவமைத்த சில்லுகள்.

கவனித்தீர்களா? போட்டி போடும் இரண்டு பெட்டிகளுக்குள்ளும் ஒரே நிறுவனத்தின் சில்லு. "என் கருவிதான் பலசாலி" என்று மாமாக் கடையில் தே தாரேக் ஆறும்வரை சண்டை போடுகிறோம். உள்ளே பார்த்தால் இரண்டும் பங்காளிகள்.

ஆக, இரும்பும் சில்லும் ஆட்டக்காரரைப் பிடித்து வைப்பதில்லை. பிடித்து வைப்பவை மூன்று. ஒன்று, இதுவரை வாங்கிச் சேர்த்த ஆட்டங்கள். இரண்டு, கூட விளையாடும் நண்பர்கள். மூன்று, "இவர்கள் ஏமாற்ற மாட்டார்கள்" என்ற நம்பிக்கை. முதல் இரண்டும் கட்டிப்போடும் கயிறு மாதிரி. மனம் இல்லாவிட்டாலும் விட்டுப் போக முடியாது. மூன்றாவது ஒன்றுதான் ஆட்டக்காரர் தானாகக் கொடுப்பது. அது போய்விட்டால், கயிறு அறுகிற நாளுக்காக அவர் காத்திருப்பார்.

2024 மே மாதம் 'ஹெல்டைவர்ஸ் 2' ஆட்டத்தில் நடந்ததைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். கணினியில் விளையாடுபவர்களும் பிளேஸ்டேஷன் கணக்கு திறந்தாக வேண்டும் என்று சோனி அறிவித்தது. அந்தக் கணக்கே திறக்க முடியாத நாடுகளில் இருந்தவர்களும் ஏற்கெனவே காசு கொடுத்து வாங்கியிருந்தார்கள். ஆட்டக்காரர்கள் லட்சக்கணக்கில் எதிர்ப்பைப் பதிவு செய்தார்கள். மூன்று நாளில் சோனி பின்வாங்கியது. ஊன்றியவர்களுக்குக் குரல் உண்டு என்பதற்கு இது ஓர் அடையாளம்.

சாமி படம் போட்டால் போதுமா?

இதையும் சொல்லியாக வேண்டும். புதிய ரசிகரைப் பிடிக்க நிறுவனங்கள் சில நேரம் நம் வீட்டு வாசலுக்கும் வருகின்றன. 2009-இல் சோனி இந்தியச் சந்தைக்காக 'ஹனுமான்: பாய் வாரியர்' என்ற பிளேஸ்டேஷன் 2 ஆட்டத்தை வெளியிட்டது. ஐதராபாத்தில் உள்ள அரோனா நிறுவனம் செய்தது. கடவுளை ஆட்டக்காரர் தன் கட்டுப்பாட்டில் வைத்து ஆட்டுவிப்பது சரியில்லை, திரும்பப் பெறுங்கள் என்று அமெரிக்காவிலிருந்து ஓர் இந்து அமைப்பு குரல் எழுப்பியது. அந்த விவாதத்தில் யார் பக்கம் நியாயம் என்பதை நீங்களே வகுப்பில் பேசுங்கள்.

பதினோரு வருஷம் கழித்து, 2020 ஆகஸ்டில், புனேயைச் சேர்ந்த நோடிங் ஹெட்ஸ் என்ற சின்னக் குழு 'ராஜி' என்ற ஆட்டத்தை முதலில் சுவிட்சில் வெளியிட்டது. தம்பியைத் தேடிப் போகும் ஒரு பெண், அவளுக்குத் துணை நிற்கும் துர்க்கை. 2017-இல் மக்களிடம் நிதி திரட்டப் பார்த்து, இலக்கை எட்டாமல் தோற்ற குழு அது. விடாமல் செய்து முடித்தார்கள். கோட்டைச் சுவர், சிற்பம், பொம்மலாட்டம் என்று ஒவ்வொன்றிலும் கவனம் தெரியும். நம் மரபை அறியாத வெளிநாட்டு ஆட்டக்காரர்களும் ரசித்தார்கள். நம் நாட்டிலும் அதே மாதம் கோலாலம்பூர் மெட்ரோனோமிக் குழுவின் 'நோ ஸ்ட்ரெய்ட் ரோட்ஸ்' வெளிவந்தது. ஊன்றிய ஆட்டக்காரர் அட்டைப் படத்துக்கு மயங்கமாட்டார். வேலை நேர்த்திக்கு மதிப்புக் கொடுப்பார்.

அப்படியென்றால் பதில் என்ன?

ஒரு கன்சோல் நிறுவனம் தன் ஊன்றிய ஆட்டக்காரர்களைத் தக்கவைக்க முடியுமா? முடியும். நின்டெண்டோ இழந்துவிட்டுத் திரும்பப் பெற்றது. ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு: ஆட்டக்காரர் ஏற்கெனவே கொடுத்ததை மதிக்க வேண்டும். அவர் கொடுத்த காசு, நேரம், பொறுமை. அதை மதித்தால் விலைக் குறைப்பையும் பழுதையும்கூடத் தாங்கிக்கொள்வார். மதிக்காவிட்டால், சேகா மாதிரி நல்ல பொருள் கொண்டுவந்தாலும் வரமாட்டார்.

நின்டெண்டோவுக்கும் இது முடிந்துபோன பாடம் இல்லை. 2023 மார்ச்சில் 3டிஎஸ், வீ யூ கருவிகளின் இணையக் கடையை மூடிவிட்டார்கள். அதில் மட்டும் கிடைத்த ஆட்டங்களை இனி யாரும் வாங்க முடியாது. 2025 ஜூன் 5 அன்று சுவிட்ச் 2 வந்தது. நான்கு நாளில் 35 லட்சம் விற்றது. பழைய சுவிட்ச் ஆட்டங்களில் பெரும்பாலானவை அதில் ஓடும், அது மரியாதை. ஆனால் புது ஆட்டம் ஒன்று அமெரிக்காவில் 80 டாலர் வரை போகிறது. சில ஆட்டங்களின் அட்டையை வாங்கினால் உள்ளே ஆட்டம் இல்லை, பதிவிறக்கம் செய்ய ஒரு சாவி மட்டும்தான். பத்து வருஷம் கழித்து அந்தச் சாவி எந்தக் கதவைத் திறக்கும்? கேட்க வேண்டியவர்கள் நாம்தான்.

இப்போது அந்தத் தம்பியிடம் வருவோம். நான் அவரிடம் சொன்னது இதுதான்:

"தம்பி, துரோகம்ங்கிற வார்த்தைய எடுத்து வெச்சிடு. நீ விளையாடின ஒவ்வொரு ஆட்டத்துக்கும் காசு கொடுத்திருக்க. கடன் எதுவும் பாக்கி இல்ல. கம்பெனிதான் உன்னைத் தக்கவெச்சுக்கணும். நீ கம்பெனியத் தக்கவெச்சுக்க வேண்டிய அவசியம் இல்ல. பற்று நல்லதுதான். ஆனா அது அம்மா மேல, நண்பர்கள் மேல, உன் படிப்பு மேல முதல்ல இருக்கட்டும். வாங்குறதுக்கு முன்ன நாலு கேள்வி கேளு. இப்ப இருக்கிற கருவியில நீ முடிக்காத ஆட்டம் எத்தனை? இப்பவே வாங்கணும்னு கட்டாயப்படுத்துற ஆட்டம் ஒன்னாவது இருக்கா? ஒரு வருஷம் பொறுத்தா என்ன நட்டம்? இந்தக் காசு இல்லாம போனா படிப்புக்கு எது தடைபடும்?"

அடுத்த ஞாயிறு அவரே வந்து சொன்னார். "அண்ணே, முடிக்காத ஆட்டம் பதினொன்னு இருக்கு!" டிப்ளோமா பதிவுக் கட்டணத்துக்கு அந்தக் காசை அம்மாவிடம் கொடுத்துவிட்டாராம். மிச்சத்தில் கூட்டாளியிடமிருந்து பழைய ஆட்டம் ஒன்றை ஐம்பது வெள்ளிக்கு வாங்கியிருக்கிறார். புதுக் கருவி அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றார். முகத்தில் வருத்தம் கொஞ்சம் இருந்தது, மறைக்கவில்லை. அம்மா முகத்தில் இல்லை என்று அவரே சொன்னார்.

வகுப்பில் கலந்து பேசுங்கள்

1. சேகாவின் டிரீம்காஸ்ட் நல்ல கருவியாக இருந்தும் ஏன் பலர் வாங்கத் தயங்கினார்கள்? முந்தைய எந்தச் செயல்கள் அதற்குக் காரணம்?

2. 3டிஎஸ் விலையைக் குறைத்தபோது நின்டெண்டோ செய்ததும், 2013-இல் மைக்ரோசாஃப்ட் விதிகளைக் கைவிட்டதும் ஒன்றா? என்ன வித்தியாசம்?

3. வட்டாக வாங்கிய ஆட்டத்துக்கும் பதிவிறக்கம் செய்த ஆட்டத்துக்கும் உரிமையில் என்ன வேறுபாடு? உங்களிடம் இருப்பவற்றில் எத்தனை உண்மையிலேயே உங்களுடையவை?

4. உங்கள் வட்டாரத்தில், புதியவரைப் பிடிக்கப் போய்ப் பழையவரை இழந்த ஒரு கடையையோ குழுவையோ பார்த்திருக்கிறீர்களா? பெயர் சொல்லாமல், என்ன நடந்தது என்று விளக்குங்கள்.

5. நம் இளைஞர் வகுப்புக்கு வாரம் தவறாமல் வருபவர்கள் யார் யார்? கடைசியாக எப்போது அவர்களுக்கு நன்றி சொன்னோம்?

ஐந்தாவது கேள்விக்குப் பதில் எழுத வேண்டாம். வகுப்பு முடிந்து நாற்காலி அடுக்கும்போது பக்கத்தில் நிற்பவரிடம் நேரில் சொன்னால் போதும்.